பிரவுசர் சுத்திக்கிட்டே இருக்கா? வீடியோவும் பிளக்-இன்னும் வேகத்தைத் தின்பது எப்படி, சரிசெய்வது எப்படி



மகளின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வேப்பந்தட்டை பக்கம் ஓர் ஊரில் இருக்கிறீர்கள். வருமானச் சான்றிதழுக்கு ஒப்புதல் வந்துவிட்டது என்று குறுஞ்செய்தியும் வந்துவிட்டது. பதிவிறக்கம் செய்து சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. போனை எடுத்து பிரவுசரைத் திறக்கிறீர்கள். வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது. "நெட்டே சரியில்லப்பா" என்கிறார் ஒருவர். "கவர்மென்ட் சைட்னாலே இப்படித்தான்" என்கிறார் இன்னொருவர். "புதுப் போன் வாங்கிடுங்க" என்கிறது மூன்றாவது குரல்.

மூன்று பேர் சொல்வதிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் எது உண்மை என்று கண்டுபிடிக்காமல் எதைச் செய்தாலும் நேரம்தான் வீண். தமிழ்நாட்டில் மின் மாவட்டத் திட்டத்தை முதலில் செயல்படுத்திப் பார்த்த மாவட்டங்களில் பெரம்பலூரும் அரியலூரும் உண்டு. சான்றிதழுக்காக இணையத்தை நாடுவது நம் பகுதிக்குப் புதிதல்ல. அந்தப் பழக்கத்தோடு இந்தச் சின்னப் பாடத்தையும் சேர்த்துக்கொள்வோம்.

தடங்கல் மூன்று இடத்தில் இருக்கலாம்

ஒரு பக்கம் திறக்கவில்லை என்றால் கோளாறு மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: உங்கள் போன், நடுவில் உள்ள சிக்னல், அந்தப் பக்கம் இருக்கும் சர்வர். எது என்று கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும்.

முதலில், அதே போனில் வேறு ஒரு எளிய பக்கத்தைத் திறந்து பாருங்கள். அது உடனே திறந்தால் சிக்னல் பரவாயில்லை என்று அர்த்தம். எல்லாமே இழுத்தால், பக்கத்தில் இருப்பவரிடம் ஹாட்ஸ்பாட் வாங்கி முயன்று பாருங்கள். பச்சைமலை அடிவாரக் கிராமங்களில் ஒரு நிறுவனத்தின் சிக்னல் கிடைக்காத இடத்தில் இன்னொன்று கிடைப்பதுண்டு. ஹாட்ஸ்பாட்டில் சரியாகிவிட்டால் குறை சிக்னலில்தான்.

அடுத்து, அதே பக்கத்தை இன்னொருவர் போனில் திறக்கச் சொல்லுங்கள். அங்கேயும் அதே பக்கம் மட்டும் திறக்கவில்லை, மற்ற பக்கங்கள் திறக்கின்றன என்றால், சர்வரில் நெரிசல். தேர்வு முடிவு வரும் நாள், விண்ணப்பக் கடைசி நாள் இவற்றில் இது சகஜம். அப்போது உங்கள் போனைக் குடைவதில் பலனில்லை. அதிகாலையிலோ இரவு பத்து மணிக்கு மேலோ முயலுங்கள்.

அதே ஹாட்ஸ்பாட்டில் அவர் போனில் திறக்கிறது, உங்கள் போனில் மட்டும் திறக்கவில்லை என்றால் கோளாறு உங்கள் பிரவுசரில். இந்தப் பாடம் முக்கியமாக அதைப் பற்றியதுதான்.

பிளக்-இன் என்றால் என்ன?

தொடக்க கால பிரவுசருக்கு எழுத்தும் படமும் காட்டத்தான் தெரியும். பாட்டு, வீடியோ, அசையும் படம் எதுவும் அதற்கு வராது. அவற்றைக் காட்ட வெளியிலிருந்து ஒரு துணை மென்பொருளைக் கொண்டுவந்து மாட்டினார்கள். அதுதான் பிளக்-இன். டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். டிராக்டர் ஒரு கம்பெனி, டிரெய்லர் வேறு கம்பெனி. சுமை ஏற்ற டிரெய்லர் தேவைதான். ஆனால் கொக்கி சரியில்லாவிட்டால் டிராக்டரும் சேர்ந்து குடை சாயும்.

அப்படித்தான் நடந்தது. 1996இல் வந்த பிளாஷ், பின்னர் வந்த சில்வர்லைட், ஜாவா பிளக்-இன் எல்லாம் ஒரு காலத்தில் இல்லாமல் முடியாது என்ற நிலை இருந்தது. 2005இல் யூடியூப் தொடங்கியபோது வீடியோ ஓடியது பிளாஷில்தான். ஆனால் ஒரு பக்கத்தில் நான்கு பிளாஷ் விளம்பரம் இருந்தால், நீங்கள் அவற்றைத் தொடாவிட்டாலும் நான்கும் ஓடிக்கொண்டே இருக்கும். கணினியின் மூளையான பிராசசரை அவை தின்றுகொண்டிருக்கும். ஒரு பிளக்-இன் தடுமாறினால், திறந்து வைத்திருந்த எல்லாப் பக்கங்களும் அதோடு உறைந்துபோகும். பாதி நிரப்பிய படிவமும் போகும். 2010 ஜூனில் பைர்பாக்ஸ் பிளக்-இன்னைத் தனியாகப் பிரித்து ஓடவிட்டது இதற்காகத்தான். அதன் பிறகு பிளக்-இன் விழுந்தாலும் பிரவுசர் நின்றது.

நிரந்தரத் தீர்வு, டிரெய்லரே தேவைப்படாத வண்டியைச் செய்வது. எச்.டி.எம்.எல். 5 என்ற புதிய முறையில் பிரவுசருக்கே வீடியோ காட்டத் தெரியும். 2015 ஜனவரியில் யூடியூப் அதற்கு மாறியது. அதே ஆண்டு செப்டம்பரில் குரோம் பிரவுசர் ஜாவா, சில்வர்லைட் போன்ற பழைய வகைப் பிளக்-இன்களை முழுதாக நிறுத்தியது. 2020 டிசம்பர் 31இல் அடோபி நிறுவனம் பிளாஷுக்கான ஆதரவை முடித்தது. 2021 ஜனவரி 12 முதல் பிளாஷ் படங்கள் ஓடாதபடி தடுத்தது.

இந்த மாற்றம் குடிமக்கள் சேவையையும் தொட்டது. தென்னாப்பிரிக்க வருமான வரித் துறையின் சில படிவங்கள் பிளாஷில் செய்யப்பட்டிருந்தன. பிளாஷ் நின்றதும் அவை திறக்கவில்லை. அந்தப் படிவங்களைத் திறப்பதற்கென்றே 2021 ஜனவரியில் அந்தத் துறை தனி பிரவுசர் ஒன்றை வெளியிட வேண்டியதாயிற்று. பழைய துணை மென்பொருளை நம்பிக் கட்டிய சேவை ஒருநாள் மக்களை வாசலில் நிறுத்திவிடும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

போனில் "பிளாஷ் போடு" என்று கேட்டால் அது போலி

கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. ஆண்ட்ராய்டு போன்களுக்கான பிளாஷ் வளர்ச்சியை அடோபி 2011 நவம்பரிலேயே கைவிட்டது. 2012 ஆகஸ்டில் பிளே ஸ்டோரிலிருந்தும் எடுத்தது. ஐபோன் பிளாஷை எந்தக் காலத்திலும் ஏற்கவில்லை. ஆகவே இன்று உங்கள் போனில், "வீடியோ ஓட பிளாஷ் பிளேயர் அப்டேட் செய்யவும்", "பிரவுசர் வேகம் குறைவு, இந்த ஆப்பை இறக்கவும்" என்று ஒரு பக்கம் கேட்டால், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. அது போலி.

2018 ஜனவரியில் புணேவைச் சேர்ந்த குவிக் ஹீல் நிறுவனம் இப்படி ஒரு போலி பிளாஷ் பிளேயர் ஆப்பைக் கண்டுபிடித்து எச்சரித்தது. அது 232 வங்கி, நிதி ஆப்களைக் குறிவைத்தது. இந்திய வங்கிகளின் ஆப்களும் அதில் இருந்தன. உள்ளே நுழைந்ததும் வங்கி ஆப் போலவே ஒரு போலித் திரையைக் காட்டி கடவுச்சொல்லை வாங்கிக்கொள்ளும். குறுஞ்செய்தியில் வரும் ஓ.டி.பி.யையும் படித்துவிடும். சின்ன வெங்காயம் விற்ற பணமோ, நூறு நாள் வேலைக் கூலியோ கணக்கில் இருந்தால், இந்த ஒரு தட்டலில் போய்விடக்கூடும்.

தெரியாமல் போட்டுவிட்டீர்களா? பதறாதீர்கள், ஆனால் தாமதிக்காதீர்கள்.

1. உடனே மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்துங்கள்.
2. அந்தப் போனில் வங்கி ஆப்பைத் திறக்க வேண்டாம். வேறொரு போனிலிருந்து உங்கள் வங்கியின் உதவி எண்ணுக்குப் பேசி இணைய வழிப் பரிமாற்றத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.
3. ‘செட்டிங்ஸ்’ → ‘ஆப்ஸ்’ பகுதியில் அந்த ஆப்பைக் கண்டுபிடித்து நீக்குங்கள். நீக்க மறுத்தால், ‘டிவைஸ் அட்மின் ஆப்ஸ்’, ‘ஆக்சசிபிலிட்டி’ ஆகிய இரண்டு இடங்களிலும் அதற்குக் கொடுத்த அனுமதியை எடுத்துவிட்டு மறுபடி நீக்குங்கள்.
4. பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவு பணத்தை நடுவழியில் தடுக்க வாய்ப்பு அதிகம்.

பிளக்-இன் போய்விட்டது, பிறகு ஏன் மெதுவாகிறது?

டிரெய்லர் போனாலும் சுமை போகவில்லை. இன்று அந்தச் சுமையை பிரவுசரே சுமக்கிறது. நான்கு காரணங்களைப் பார்ப்போம்.

ஒன்று, தானாக ஓடும் வீடியோ. சத்தத்தோடு தானாக ஓடும் வீடியோவை குரோம் 2018 முதல் தடுக்கிறது. ஆனால் சத்தமில்லாமல் ஓடுவது ஓடத்தான் செய்யும். செய்திப் பக்கத்தின் ஓரத்தில் ஊமைப் படமாக ஒரு விளம்பரம் ஓடினாலும் அதற்கு டேட்டாவும் பிராசசரும் செலவாகும்.

இரண்டு, சூடு. போனின் சிப்பில் வீடியோவுக்கென்றே ஒரு தனிப் பகுதி உண்டு. புது வகை வீடியோவைப் பழைய போனின் அந்தப் பகுதிக்குப் புரியாதபோது முழு வேலையும் பிராசசர் தலையில் விழும். போன் சூடாகும். சூடானால் தன்னைக் காத்துக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று படிவம் நிரப்பும்போது போன் மந்தமாவது இதனால்தான். நிழலுக்கு வந்து ஐந்து நிமிடம் போனை ஆறவிட்டாலே பாதி சரியாகும்.

மூன்று, திறந்து மூடாத பக்கங்கள். குரோமின் மேல்பக்கம் ஒரு சிறு சதுரத்தில் எண் இருக்கும். அதுதான் நீங்கள் திறந்து வைத்திருக்கும் பக்கங்களின் எண்ணிக்கை. நூறைத் தாண்டினால் எண்ணுக்குப் பதிலாக ஒரு சிரிப்பு முகக் குறி தெரியும். அதைப் பார்த்து நீங்களும் சிரித்துவிட்டு விட்டுவிடாதீர்கள். எல்லாவற்றையும் மூடுங்கள்.

நான்கு, குறைந்த ராம் நினைவகம். பலர் படிவத்தை இழப்பது இதனால்தான். ஓ.டி.பி. வந்ததும் குறுஞ்செய்தி ஆப்பைத் திறக்கிறீர்கள். நினைவகம் போதாத போன் பின்னால் இருந்த பிரவுசர் பக்கத்தை மூடிவிடுகிறது. திரும்பி வந்தால் பக்கம் முதலிலிருந்து திறக்கிறது; நிரப்பியது எல்லாம் போச்சு. "சைட் என்னைத் தூக்கி எறிஞ்சிடுச்சு" என்று நாம் சர்வரைத் திட்டுகிறோம். தவறு அங்கே இல்லை.

படிப்படியாகச் சரிசெய்வோம்

கீழே உள்ள பெயர்கள் ஆண்ட்ராய்டு குரோமில் இருப்பவை. பதிப்பைப் பொறுத்து சொல் சற்று மாறலாம். வரிசையாகச் செய்யுங்கள். ஒவ்வொரு படிக்குப் பிறகும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். சரியாகிவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

படி 1: எல்லா டேபையும் மூடுங்கள். பின்னணியில் திறந்திருக்கும் மற்ற ஆப்களையும், முக்கியமாக வீடியோ ஆப்களை, மூடுங்கள்.

படி 2: போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். சின்ன விஷயமாகத் தெரியும். வாரக்கணக்கில் அணைக்காத போனுக்கு இதுவே பெரிய மருந்து.

படி 3: மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு ‘நியூ இன்காக்னிட்டோ டேப்’ எடுத்து அதே பக்கத்தைத் திறங்கள். இது ஒரு சோதனை. இங்கே நன்றாகத் திறந்தால், சாதாரண டேபில் சேர்ந்துள்ள பழைய தகவல்தான் காரணம். படி 4க்குப் போங்கள். இங்கேயும் இழுத்தால் நேரே படி 5.

படி 4: மூன்று புள்ளி → ‘டெலீட் பிரவுசிங் டேட்டா’. அதில் ‘கேஷ்டு இமேஜஸ் அண்ட் பைல்ஸ்’ என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். முதலிலேயே ‘குக்கீஸ்’ஐயும் அழித்துவிடாதீர்கள், எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியேறிவிடுவீர்கள். கடவுச்சொல் நினைவில் இல்லாதவருக்கு அது புதுத் தலைவலி. கேஷை அழித்தும் சரியாகவில்லை என்றால் மட்டும், கடவுச்சொல்லைக் குறித்து வைத்துக்கொண்டு குக்கீஸை அழிக்கலாம்.

படி 5: பிளே ஸ்டோரில் குரோமையும் ‘ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ’ என்பதையும் அப்டேட் செய்யுங்கள். இந்த வெப்வியூ பலருக்குத் தெரியாத பெயர். மற்ற ஆப்களுக்குள் இணையப் பக்கத்தைக் காட்டுவது இதுதான். 2021 மார்ச்சில் இதன் ஒரு அப்டேட்டில் பிழை வந்து உலகம் முழுக்க ஆண்ட்ராய்டு ஆப்கள் திறந்ததும் மூடிக்கொண்டன. கூகுள் திருத்திய பதிப்பை வெளியிட்டது. அதைப் போட்டதும் சரியானது.

படி 6: போனில் இடம் இருக்கிறதா பாருங்கள். வாட்ஸ்அப்பில் சேர்ந்த காலை வணக்க வீடியோக்களை அழித்தாலே பல போன்களில் நல்ல இடம் கிடைக்கும். இடம் இல்லாவிட்டால் சான்றிதழ் பி.டி.எப். இறங்கவே இறங்காது.

படி 7: வீடியோ தொல்லை அதிகம் என்றால் பைர்பாக்ஸ் பிரவுசரை முயலலாம். அதன் அமைப்புகளில் ‘ஆட்டோபிளே’ என்ற பகுதி உண்டு. வீடியோ, ஒலி இரண்டும் தானாக ஓடாமல் முழுதாகத் தடுக்கலாம். மொபைல் டேட்டாவில் மட்டும் தடுக்கவும் வழி இருக்கிறது.

படிவம் நிரப்பும் நாளுக்கு மூன்று பழக்கங்கள்

ஓ.டி.பி. வந்தால் குறுஞ்செய்தி ஆப்பைத் திறக்காதீர்கள். திரையின் மேலிருந்து விரலால் இழுத்து, அறிவிப்பிலேயே எண்ணைப் படித்துக்கொள்ளுங்கள். பக்கம் அப்படியே இருக்கும்.

ஆவணங்களை முன்னதாகவே படம் எடுத்து, தளம் கேட்கும் அளவுக்குக் குறைத்து, ஒரே இடத்தில் வையுங்கள். படிவத்தின் நடுவில் கேமராவைத் திறந்தால் நினைவகம் குறைந்து பிரவுசர் மூடிக்கொள்ளலாம்.

பணம் கட்டும் கட்டத்தில் திரை உறைந்துவிட்டால் மறுபடி ‘பே’ பொத்தானை அழுத்தாதீர்கள். முதலில் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்ததா, கணக்கில் பணம் கழிந்ததா பாருங்கள். பிறகு தளத்தில் நுழைந்து விண்ணப்பத்தின் நிலையைப் பாருங்கள். பணம் போகவில்லை என்று உறுதியான பிறகே மறுபடி கட்டுங்கள். விண்ணப்ப எண்ணை ஒரு தாளில் எழுதி வைப்பது நல்லது. போன் போனாலும் தாள் இருக்கும்.

வீட்டிலோ கடையிலோ கணினி இருந்தால்

கணினியில் பிளக்-இன்னின் தம்பி ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் எக்ஸ்டென்ஷன். வீடியோ இறக்க ஒன்று, கூப்பன் காட்ட ஒன்று என்று தெரிந்தும் தெரியாமலும் சேர்ந்துவிடும். ஒவ்வொன்றும் நீங்கள் திறக்கும் பக்கங்களுக்குள் தலையை நீட்டும். குரோமில் ஷிப்ட், எஸ்கேப் இரண்டு விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு நினைவகம் தின்கிறது என்று பட்டியல் வரும். அதிகம் தின்பதை அங்கேயே நிறுத்தலாம். பைர்பாக்ஸில் ‘ஹெல்ப்’ → ‘டிரபிள்ஷூட் மோட்’ போனால் எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாமல் திறக்கும். அப்போது வேகம் வந்தால் குற்றவாளி எக்ஸ்டென்ஷன்தான். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் மெதுவாகிறதோ அதை நீக்குங்கள்.

பழைய கணினியில் பிளாஷ் பிளேயர் இன்னும் இருந்தால் நீக்கிவிடுங்கள். பாதுகாப்புத் திருத்தம் வராத மென்பொருள், தாழ்ப்பாள் இல்லாத கொல்லைக் கதவு. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி: அதில் ஓடும் கடைசி குரோம் பதிப்பு 109. அதற்கு மேல் அப்டேட் வராது. வங்கி வேலைக்கு அந்தக் கணினியை நம்ப வேண்டாம்.

எல்லாம் செய்தும் முடியவில்லையா?

அதற்காகத்தான் இ-சேவை மையங்கள் இருக்கின்றன. வட்டாட்சியர் அலுவலகத்திலும், தொடக்க வேளாண்மை கூட்டுறவுக் கடன் சங்கங்களிலும் இந்த மையங்கள் இயங்குகின்றன. கடைசி நாள் மாலை நான்கு மணிக்கு உங்கள் போனோடு மல்லுக்கட்டுவதைவிட, மதியமே மையத்துக்குப் போய்விடுவது புத்திசாலித்தனம். போகும்போது கேன் எண், விண்ணப்ப எண், பதிவு செய்த கைப்பேசி மூன்றும் கையில் இருக்கட்டும். ஓ.டி.பி. அந்தக் கைப்பேசிக்குத்தான் வரும்.

வீட்டுப் பயிற்சி

இன்று மாலை உங்கள் போனில் மூன்று வேலை மட்டும் செய்யுங்கள். எத்தனை டேப் திறந்திருக்கிறது என்று எண்ணி, தேவையில்லாததை மூடுங்கள். குரோம், வெப்வியூ இரண்டையும் அப்டேட் செய்யுங்கள். வீட்டில் பெரியவர்கள் போனை வாங்கி, பிளாஷ் என்றோ ஸ்பீட் பூஸ்டர் என்றோ பெயர் தெரியாத ஆப் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அவர்களிடம் கோபப்படாமல் விளக்கி, உங்கள் கையாலேயே நீக்கிக் கொடுங்கள்.

அடுத்த முறை வட்டம் சுத்தும்போது திட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: போனா, சிக்னலா, சர்வரா? விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.